பெங்களூரும் பறவை வேட்டையும்

இளவேனிற் காலத்தில், பொழுது புலரும் வேளையில், பன்னேர்கட்டாக் காட்டோரம் நடப்போர் செவியில் காட்டுச்சேவலின் கூவல் விழும். சங்கப் புலவர் கானக்கோழி என்று பாடிய பறவை இது. பிரெஞ்சு நாட்டவராகிய சோனெரா புதுச்சேரிக்கு வந்து சென்று, 1782ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் இதனை வருணித்தார். இதன் அறிவியற் பெயரில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது.

சேவல் கூவுவது பெடையை அழைக்கவும் தன் எல்லையைக் காக்கவுமே. அக்கூவலே அதற்குப் பகையாயிற்று. அமெரிக்கக் காடுகளில் வான்கோழிக்கும் இதே கதைதான். அங்கு இளவேனிலில் வேடர் மறைந்திருந்து பெடையின் குரலைப் போலக் குரல் எழுப்புவர். மயங்கி வரும் சேவல் குண்டுக்கு இரையாகும். நம் நாட்டில் கௌதாரி பிடிப்போர் கைக்கொண்ட முறையும் இதற்கு நெருங்கியதே. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்வர். அதனோடு போர் செய்ய வரும் காட்டுக் கௌதாரி, சுற்றிலும் வைத்த கண்ணியில் அகப்படும். இவ்வாறு இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கப் பழக்கிய விலங்கையும் பறவையையும் 'பார்வை' என்று குறித்தனர் பண்டைத் தமிழர். அதற்கென ஒரு தனிச் சொல் வேண்டியிருந்ததெனில், அத்தொழில் எவ்வளவு பரவியிருந்திருக்க வேண்டும்!

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்தது. துப்பாக்கியும் ஓய்வு நாளும் உடைய அதிகாரிகளுக்கு ஏரிக்கரை உள்ளானும் புதர்க்காட்டுக் கௌதாரியும் விளையாட்டுப் பொருள்களாயின. காட்டுச்சேவலுக்கு மற்றோர் இடரும் நேர்ந்தது. அதன் கழுத்திறகில் மெழுகு வார்த்தாற்போன்ற மஞ்சட் புள்ளிகள் உண்டு. ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்போர், தூண்டிலிற் கட்டும் பொய்யீக்கு அவ்விறகையே பெரிதும் விரும்பினர். எங்கோ ஓர் ஆற்றில் மீன் ஏமாற, இங்கே சேவல்கள் மடிந்தன. 1902ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பறவைத் தோலையும் இறகையும் கடல் கடந்து அனுப்புவதைத் தடை செய்தது.

அதற்கு முன்பே வேட்டைச் சட்டங்கள் தோன்றிவிட்டன. 1879ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென ஒரு சட்டம் செய்தது. காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை ஆகியவை அதில் இடம்பெற்றன. மைசூர் அரசு 1901ஆம் ஆண்டில் வேட்டை உயிர்களையும் மீனையும் காக்கும் சட்டத்தைக் கொணர்ந்தது. இவற்றின் நோக்கம் அருளன்று; அடுத்த ஆண்டும் சுடுவதற்குப் பறவை வேண்டும் என்பதே. உரிமச் சீட்டு வாங்க வல்லவர் வேட்டையாளராயினர். கண்ணி வைத்துப் பிழைத்தவர் கள்வராயினர். ஆயினும் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பறவைக்கு ஓய்வு வேண்டும் என்னும் கருத்து அச்சட்டங்களால் வேரூன்றியதை மறுப்பதற்கில்லை.

இதற்கு மாறானது வேடந்தாங்கல் உழவர் செய்கை. படைவீரர் தம் ஏரிப் பறவைகளைச் சுடுவது கண்டு அவர்கள் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவ்வேட்டையைத் தடுத்து உரிமை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். அவர்கட்குப் பறவையும் ஏரியும் வேறல்ல.

பெங்களூரிலோ ஏரியின் தேவையே மறைந்தது. பாலக்காட்டில் பிறந்த திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், அர்க்காவதியாற்றைத் தடுத்து ஹெசரகட்டா நீர்த்தேக்கம் எழுந்தது. 1896ஆம் ஆண்டில் அந்நீர் நகருக்கு வந்தது. குடிநீர்க்குப் பெரும் நன்மை. ஆனால் நகரத்து ஏரிகளைப் பேணும் கவலை அதன்பின் குறைந்தது. தர்மாம்புதி ஏரி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம். நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம்மவருள் எத்தனை பேர் இதனை நினைப்பர்?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை அடக்கிற்று. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எஞ்சிய வாயிலையும் அடைத்தது. அமெரிக்கர் சென்ற வழி வேறு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கினர். வான்கோழிகளைப் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் விட்டனர். இன்று அவை பல லட்சமாய்ப் பெருகியுள்ளன; வேட்டையும் நடக்கிறது. நாம் வேட்டையை முற்றும் நிறுத்தினோம். ஆனால் உள்ளானுக்கு அது போதவில்லை. வடபுலத்திலிருந்து வரும் அப்பறவை, சேற்றில் நீள் அலகை நுழைத்துப் புழுவைத் தேடி உண்பது. கல் பதித்த கரையும் கம்பி வேலியும் சூழ்ந்த ஏரியில் அதற்கு என்ன கிடைக்கும்?

காட்டுக்கோழிக்கு அக்குறை நேரவில்லை. 1974ஆம் ஆண்டில் பன்னேர்கட்டாக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. பங்குனி, சித்திரை விடியற்காலையில் அப்பக்கம் செல்வோர் அதன் கூவலை இன்றும் கேட்கலாம்.