பழி யாரைச் சேரும்: 1984 தில்லியும் சினத்தின் பெயரால் கேட்கப்படும் மன்னிப்பும்

1984 அக்டோபர் 31 காலை ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில், புதுதில்லி சப்தர்ஜங் சாலை 1ஆம் எண் இல்லத்தில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். சுட்டவர்கள் இருவர். பியந்த் சிங் தில்லிக் காவல்துறையின் உதவி ஆய்வாளர். சத்வந்த் சிங் அதே துறையின் காவலர். இருவரும் சீக்கியர்கள். இருவரும் சீருடை அணிந்தவர்கள். பிரதமரின் பாதுகாப்புக்கென்று அரசே அமர்த்தியவர்கள். அடுத்து வந்த நாட்களில் தலைநகரம் இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழிதீர்த்தது. அகுஜா குழு 1987இல் கணக்கிட்டபடி தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர் 2,733 பேர். காவல்துறையைச் சேர்ந்தவர் என்ற காரணத்துக்காக யாரும் வீதிக்கு இழுத்து வரப்படவில்லை.

இந்தப் பொறுக்கலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நடந்தது சரி என்று பொதுவெளியில் சொன்னவர்கள் குறைவு. ‘மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள், அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னவர்கள் ஏராளம். நவம்பர் 19 அன்று போட் கிளப் கூட்டத்தில் புதிய பிரதமர் ராஜீவ் காந்தி, பெரிய மரம் சாய்ந்தால் நிலம் சற்று அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். ஒரு கொலை இயற்கை நிகழ்ச்சியாகவும் பல்லாயிரம் பேரின் துன்பம் அதன் அதிர்வாகவும் அங்கே மாற்றப்பட்டன. இடையில் கைகளும் முடிவுகளும் இல்லாமல் போயின. இந்த வன்முறையை விசாரித்த மிஸ்ரா ஆணையமும் 1986இல் முதல் எதிர்வினையைத் தன்னெழுச்சியான துயரமும் சினமும் என்றே கண்டது. பின்னர் சமூகவிரோதிகள் அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள் என்றது. சினம் தூயது, அதைக் கெடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்ற இந்தப் பிரிப்பு பலருக்கு ஆறுதல் தந்திருக்கலாம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. குற்றத்தின் மீதான சினமும் ஒரு குழுவின் மீதான காழ்ப்பும் ஒரே உணர்ச்சியின் இரண்டு அளவுகள் அல்ல. முன்னது பின்னதைப் பெற்றெடுப்பதும் இல்லை. காழ்ப்பு முன்பே இருக்கிறது. குற்றம் அதற்கு வாய்ப்பு தருகிறது.

சினம் எப்போதும் ஓர் ஆளை நோக்கியது, வெறுப்போ ஓர் இனத்தையே நோக்கக் கூடியது என்று அரிஸ்டாட்டில் தம் சொற்பொழிவுக் கலை நூலில் பிரித்துக் காட்டுகிறார். சினம் காலத்தால் ஆறும், எதிராளி போதுமான அளவு துன்புற்றதைக் கண்டால் இரக்கமாகவும் மாறும். வெறுப்புக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, வெறுக்கப்படுபவர் இல்லாமலே போக வேண்டும் என்பதுதான் அதன் நாட்டம் என்கிறார். இந்த அளவுகோலைத் தில்லியின் மீது வைத்துப் பார்க்கலாம். பியந்த் சிங் சிறிது நேரத்திலேயே மற்ற காவலர்களால் கொல்லப்பட்டார். சத்வந்த் சிங் குண்டுக் காயங்களுடன் பிடிபட்டார். சினத்துக்கு உரியவர்களில் ஒருவர் அன்று முற்பகலிலேயே உயிருடன் இல்லை. மற்றவர் அரசின் பிடியில். கிழக்குத் தில்லியின் திரிலோக்புரியில் நவம்பர் 1ஆம் நாள் பெட்ரோல் கேனுடன் நின்றவர்களின் உணர்ச்சிக்குச் சினம் என்று பெயரிட்டால், அது யார்மீது கொண்ட சினம் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

பழி ஏற்றப்படும் குழு முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்பதற்குத் தில்லியிலேயே இன்னும் பழைய சான்று உண்டு. 1948 ஜனவரி 30 மாலை பிர்லா மாளிகையில் காந்தி சுடப்பட்டபோது, கொன்றவர் ஓர் இந்து என்பதை அகில இந்திய வானொலி அவசரமாக அறிவிக்க நேர்ந்தது. ஏன் அந்த அவசரம்? கொலையாளியின் பெயர் தெரியும் முன்பே பழி எந்தக் குழுவின்மேல் போய் விழும் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. முஸ்லிம்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதற்கும் அந்த அச்சத்துக்கும் தொடர்பே இல்லை. அறிவிப்பு தில்லியைக் காத்தது. ஆனால் கொன்ற கோட்சேயின் சாதி தெரிந்ததும் மேற்கு மகாராஷ்டிரத்தில் சித்பவன் பிராமணர்களின் வீடுகள் எரிந்தன. அங்கே வேறொரு குழு, வேறொரு பழைய பகையுடன், தயாராக இருந்தது.

1984க்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சீக்கியர் என்ற அடையாளம் இதேபோல் தயார்செய்யப்பட்டது. 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பஞ்சாபிலிருந்து தில்லி வரும் சீக்கியர்களை ஹரியானா காவல்துறை வழியில் நிறுத்திச் சோதனையிட்டது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் தப்பவில்லை. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அதற்குப் பிறகு தலைப்பாகை கட்டிய ஒருவரைப் பார்த்ததும் அவர் யார், என்ன தொழில், எந்த ஊர் என்ற கேள்விகளுக்கு முன்பே ஐயம் ஒன்று வந்து நின்றது. கொலை நடந்த அன்று மாலையே குடியரசுத் தலைவர் ஜைல் சிங்கின் கார் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கு அருகில் தாக்கப்பட்டது. நாட்டின் முதல் குடிமகனாக இருந்தாலும் தலைப்பாகைதான் முதலில் கண்ணில் பட்டது.

இருந்தும் அந்த ஐயம் மட்டும் கொலைக்குப் போதவில்லை. அதனால்தான் வதந்திகள் தேவைப்பட்டன. மக்கள் குடியுரிமைக் கழகமும் மக்கள் ஜனநாயக உரிமைக் கழகமும் அதே நவம்பரில் வெளியிட்ட ‘குற்றவாளிகள் யார்?’ என்ற அறிக்கை மூன்று வதந்திகளைப் பதிவுசெய்கிறது: சீக்கியர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடுகிறார்கள், பஞ்சாபிலிருந்து இந்துக்களின் பிணங்களுடன் ரயில் வருகிறது, குடிநீரில் விஷம் கலக்கப்பட்டிருக்கிறது. முதல் வதந்திதான் என் வாதத்துக்கு முக்கியமானது. இருவர் செய்த கொலையில் பல லட்சம் பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வேலையை அது செய்தது. மகிழ்ந்தவன் உடந்தை, உடந்தையானவன் குற்றவாளி என்று படி இறங்கிப் போயிற்று. எங்கோ சிலர் உண்மையாகவே இனிப்பு கொடுத்திருந்தாலும், பிறர் சாவில் மகிழ்வது இழிவானதே ஒழிய கொலை அல்ல. அந்த இழிவும் கொடுத்தவரோடு நின்றுவிடும். சினமே போதுமானதாக இருந்திருந்தால் இந்தப் பொய்களுக்கு வேலை இருந்திருக்காது.

சட்டம் சினத்தை மதிக்காமல் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு, கடுமையான, திடீரென மூட்டப்பட்ட சினத்தில் தன்னிலை இழந்தவர் செய்த கொலையைச் சற்றுக் குறைந்த குற்றமாகக் கருதியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அதே விதிவிலக்கு இருக்கிறது. அதன் நிபந்தனைகள் கவனத்துக்குரியவை. இறந்தவர் சினமூட்டியவராகவே இருக்க வேண்டும். வேறொருவர் என்றால் அது தவறுதலாகவோ விபத்தாகவோ நேர்ந்திருக்க வேண்டும். சினம் ஆற நேரம் கிடைத்திருக்கக் கூடாது. 1961இல் கே.எம். நானாவதி வழக்கில், மனைவியின் ஒப்புதலைக் கேட்டதற்கும் சுட்டதற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்துவிட்டதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி அந்தச் சலுகையை மறுத்தது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினாலும் தண்டனை குறையுமே தவிர விடுதலை கிடையாது. தனக்கு நேர்ந்த அவமதிப்பில் கொதித்த கணவனுக்கே இவ்வளவு இறுக்கம். யாரையும் சுட்டிராத, சுட்டவரை அறிந்திராத அண்டை வீட்டுக்காரர் மீது மறுநாள் பாயும் கூட்டத்துக்கு அந்த விதிவிலக்கில் ஒதுங்க இடமே இல்லை. புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவு மறுதிசையிலும் போகிறது: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், சாதி, சமூகம், மொழி போன்ற அடையாளங்களுக்காகக் கொல்வதைத் தனியே குறிப்பிட்டு ஆயுள் அல்லது மரண தண்டனை விதிக்கிறது.

நம் மரபின் மிகப் பெரிய சினமும் இங்கே நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கும்போதுகூட முதியோரையும் குழந்தைகளையும் அறவழி நிற்போரையும் விட்டுவிட்டுத் தீயோர் பக்கமே சேரும்படி நெருப்புக்கு ஆணையிடுகிறாள். அரசன் பிழைக்கு ஊர் எரிவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலை இளங்கோவும் உணர்ந்திருக்கிறார் என்பதற்கு அந்த ஆணையே சான்று.

திரிலோக்புரி 32ஆம் பிளாக்கைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் நகரத்தின் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு யமுனையின் கிழக்கே கொடுத்த சிறு சிறு மனைகள். கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடக்கூடிய சந்துகள். அங்கே வாழ்ந்த சீக்கியர்களில் பெரும்பாலோர் லபானாக்கள். பஞ்சாபின் நிலவுடைமையாளர்களும் அல்லர், காலிஸ்தான் பேசியவர்களும் அல்லர். கயிற்றுக் கட்டில் பின்னுவோர், ரிக்‌ஷா ஓட்டுவோர், கூலித் தொழிலாளர். மனை கிடைத்த நன்றியில் காங்கிரசுக்கு வாக்களித்து வந்தவர்கள் பலர். நவம்பர் 1, 2 தேதிகளில் சில நூறு பேர் அங்கே கொல்லப்பட்டனர். கழுத்தில் டயரை மாட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எந்த வீடு சீக்கியருடையது என்று காட்ட வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன என்று பல சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர்கள் ராகுல் பேடியும் ஜோசப் மாலியக்கனும் 2ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வெளியுலகம் அறிந்தது. 1984 வன்முறையை மறுபடி விசாரித்த நானாவதி ஆணையமும் 2005இல், நவம்பர் 1 காலையிலிருந்து தாக்குதலின் தன்மையே மாறிவிட்டது என்று பதிவுசெய்தது. பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வீடு தேடுவதும் டயரும் எண்ணெயும் சேகரிப்பதும் தன்னிலை இழந்தவரின் செயல்கள் அல்ல.

அதே நாட்களில் சீக்கியக் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்த இந்துக்களும் முஸ்லிம்களும் தில்லியின் பல பகுதிகளில் இருந்தார்கள். நாகரிக் ஏக்தா மஞ்ச் நிவாரண முகாம்களில் இரவு பகலாக வேலை செய்தது. இவர்கள் இந்திரா காந்தியின் மரணத்துக்குத் துயருறாதவர்களா? பலர் அழுதவர்கள், கொன்றவர்கள்மீது கொதித்தவர்கள். ஒரே சினம் ஒருவர் கையில் டயரையும் இன்னொருவர் கையில் வீட்டுச் சாவியையும் கொடுக்கிறது என்றால், வேறுபாட்டுக்குக் காரணம் சினத்தில் இல்லை. சினத்தை மன்னிப்பின் காரணமாகச் சொல்வது அந்த அண்டை வீட்டாரை அவமதிப்பதும் ஆகும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொற்கோயில் நடவடிக்கைக்குப் பிறகு சீக்கியக் காவலர்களை அகற்றலாம் என்ற யோசனை எழுந்ததாகவும் இந்திரா காந்தி அதை ஏற்கவில்லை என்றும் அவருக்கு நெருக்கமானவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் குழுவை ஐயுற மறுத்தார்; உயிரிழந்தார். அப்படியென்றால் காழ்ப்பில் ஓர் உண்மை இருக்கவில்லையா? 1983 அக்டோபரில் பஞ்சாபின் தில்வானில் பேருந்திலிருந்து இந்துப் பயணிகள் இறக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்களின் அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. அச்சம் உண்மையானது. ஆனால் துப்பாக்கியுடன் பிரதமருக்கு ஓரடி தூரத்தில் நிற்பவரை ஆராய்வது பாதுகாப்புத் துறையின் கடமை; அது அந்த ஆளின் தொடர்புகளையும் நடத்தையையும் ஆராய்வது. கட்டில் பின்னுகிறவரிடம் கணக்குக் கேட்க அந்த நியாயம் நீளாது. மேலும், தில்வானில் துப்பாக்கி ஏந்தியவர்கள் பயணிகளை எந்த முறையில் பிரித்தார்களோ, அதே முறையில்தான் தில்லியில் ரயில் பெட்டிகளிலிருந்து சீக்கியர்கள் இறக்கப்பட்டார்கள்.

சினம் காழ்ப்பை மன்னிக்கும் என்று ஏற்றால் அந்த மன்னிப்பை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. பியந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும்கூடத் தங்கள் புனிதத் தலம் சிதைக்கப்பட்ட சினத்தில்தான் சுட்டார்கள். அவர்கள் செய்தது கொலை. அதை எந்தச் சினமும் நியாயப்படுத்தாது என்று நாடு சொன்னது. சரியாகவே சொன்னது. ஐந்து மாதம் அடைகாத்த அந்தச் சினத்தை ஏற்க மறுத்துவிட்டு, ஒருநாள் கழித்து வந்த கூட்டத்தின் சினத்தை ஏற்பதற்கு எண்ணிக்கையைத் தவிர வேறு அடிப்படை இல்லை.

ஏற்றுக்கொண்டதன் விலையும் தெரியும். ஒரு பகுதியின் எத்தனையோ கொலைகளை ஒரே முதல் தகவல் அறிக்கையில் திணித்தார்கள். கூட்டம் செய்தது என்று எழுதியதும் ஆள் மறைந்துவிடுகிறான். பாதிக்கப்பட்ட குழுவுக்கு முகம் இல்லை என்று கருதியவர்கள், குற்றம் செய்த கூட்டத்துக்கும் முகம் இல்லாமல் செய்தார்கள். பாலம் ராஜ் நகரில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்குத் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் அமர்வு ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பர் 17 அன்று. 34 ஆண்டுகள். இந்திரா கொலை வழக்கிலோ, விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்கு விதித்திருந்த பல்பீர் சிங்கை உச்ச நீதிமன்றம் 1988இல் விடுவித்தது; சத்வந்த் சிங்கும் சதியில் குற்றவாளி எனக் காணப்பட்ட கேஹர் சிங்கும் 1989 ஜனவரி 6 அன்று தூக்கிலிடப்பட்டனர். பிரதமரைக் கொன்ற வழக்கிலும் மூன்று பேரைத் தனித்தனியே எடைபோட நீதிமன்றத்துக்கு நேரம் இருந்தது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதும் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. அங்கும் வாக்காளர் பட்டியல்கள் கூட்டத்தின் கையில் இருந்தன. 28ஆம் தேதி உரையாற்றிய ஜனாதிபதி ஜெயவர்த்தன அதைச் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே விளக்கினார். மாண்ட தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் சொல் இல்லை. அந்த விளக்கத்தைக் கேட்டுத் தமிழ்நாடு கொந்தளித்தது நியாயம். ஆனால் 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட பின், அதே தமிழ்நாடு முகாம்களில் இருந்த ஈழ அகதிகளைப் பார்த்த பார்வை என்ன? ஒருவரும் டயர் மாட்டவில்லை என்பது உண்மை. வீடு கொடுக்கத் தயங்கினோம். அகதிப் பிள்ளைகளின் கல்விச் சேர்க்கைக்குத் தடை வந்தது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியாமல் ஆயிற்று. ‘நம்ம தலைவரையே கொன்னுட்டாங்களே’ என்ற வாக்கியத்தில் அந்த ‘ஆங்க’ யார் என்று கேட்டவர்கள் குறைவு. புலிகளிடமிருந்தும் போரிலிருந்தும் சேர்ந்தே தப்பி வந்தவர்கள் அந்த முகாம்களில் இருந்தார்கள்.

ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேர் கொலைச் சதியில் குற்றவாளிகள் அல்லர் என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்களிடையே இந்த வேறுபாட்டைக் காண நீதிக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. எந்தக் குற்றமும் சாட்டப்படாத அகதிகளை இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் பணி 1992 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அவர்கள் விருப்பத்துடன்தான் போகிறார்களா என்று கேட்டுச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் அனுமதிக்கப்பட்டது.