அறுவடை இல்லாத பயிரும் அம்மன் திருவிழாவும்



கேமரன் மலையின் வரலாறு என்ன என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை முதல் சுற்றுலா வழிகாட்டி வரை எல்லாரும் ஒரு வெள்ளைக்காரர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். நாமும் அந்தக் கடனை முதலில் கழித்துவிடுவோம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மலைமேட்டைக் கண்டார். அப்புறம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் துரை வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் பேச்சு சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து சாலை மலையேறியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார்.

இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள், முதுகில் கூடையோடு சரிவிலே நின்றவர்கள் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை நம்பினார்கள், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு மிஞ்சியிருக்கும் ஏடு தோட்டத்துக் கோயில் திருவிழாதான் என்றால் மிகையாகாது.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்ந்து, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கங்காணி பின்னால் தோட்டங்களுக்கு நடந்தவர்கள் நம் முன்னோர்கள். மலையில் தேயிலை கால் ஊன்றிய நேரமோ கெட்ட நேரம். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-களின் தொடக்கத்தில் மலாயாவுக்கு ஆள் எடுப்பது நின்று, இருந்தவர்களிலும் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஆள் வரத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1938-இல், இந்திய அரசாங்கமே அதற்குத் தடை போட்டுவிட்டது.

ஊரில் அவர்களுக்கு இருந்தது நெல்லின் நாள்காட்டி. ஆடியில் விதைப்பு, தையில் அறுப்பு, அதற்கேற்பச் சாமிக்கும் ஒரு நாள். இங்கே வந்து பார்த்தால் பயிரே வேறு! தேயிலைக்கு அறுவடை என்று ஒரு நாள் கிடையாது. டார்ஜிலிங்கிலும் அசாமிலும் பனிக்காலம் வந்தால் கொழுந்து நின்றுபோகும். செடிக்கும் ஓய்வு, ஆளுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் மலையிலே அந்தப் பாக்கியமும் இல்லை. பன்னிரண்டு மாதமும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுப் பறித்து முடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அதே செடி முன்னால் போய் நிற்க வேண்டும். விட்டால் இலை முற்றிப்போகும். "சாமி பொறுத்துக்கும், கொழுந்து பொறுக்காது" என்று கங்காணி சொன்னால் அதற்குப் பதில் ஏது?

முடிவே இல்லாத இந்த வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வேண்டியிருந்தது. பெரட்டுக் களத்துத் தப்பும் சங்கும் அதைத் தரவில்லை. கொடியேற்றி, காப்புக் கட்டி, நம்மவர்களே அதைப் போட்டுக்கொண்டார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது பழைய விதி. ஆனால் தோட்டத்திலே காப்புக் கட்டிய கையோடுதான் கொழுந்தும் பறிக்க வேண்டும். மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டுகள் பச்சைச் செடிமேல் ஓடுவதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். சம்பளத்துக்கு உழைக்கும் கைதான், ஆனால் அந்தச் சில நாட்கள் அது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கை!

குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் சாமியை நிறுத்துவது தமிழ்நாட்டு வழக்கம். கடல் தாண்டி வந்த இடத்தில் அதற்கு வழியில்லாதபோது, மலாயாத் தோட்டங்களில் ஒரு மரத்தடி, ஒரு கல், ஒரு சூலம் போதும் என்று ஆனது. முனியாண்டிக்குச் சுருட்டும் கள்ளும் கோழியும் படைத்தார்கள். புலியும் பாம்பும் இருந்த காட்டு ஓரத்தில் காவலுக்கு ஒருவர் வேண்டாமா? போதாததற்கு, இந்த மண்ணின் காவலர் என்று 'டத்தோ'வுக்கும் ஒரு விளக்கு வைத்தார்கள். வந்த இடத்துச் சாமியையும் பகைத்துக்கொள்ளாத இந்தப் புத்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

மலைக்குளிர் சடங்குகளையும் விட்டுவைக்கவில்லை. மாரியம்மனுக்கு வேப்பிலை இல்லாமல் முடியுமா? வேம்பும் தென்னையும் சமவெளி மரங்கள். இந்தக் குளிரில் அவை செழிக்காது. வேப்பிலைக் கொத்து, தேங்காய், மாவிலை, கரும்பு எல்லாம் கீழேயிருந்து வளைவு வளைவாக மலையேறி வர வேண்டும். மாறாக, பூவுக்கு மட்டும் நமக்குக் குறையே இல்லை. செவ்வந்திக்கு நாட்டிலேயே பெயர் போன இடம் அல்லவா இது! தைப் பொங்கலும் அப்படித்தான். நெல் இல்லை, வயல் இல்லை, சூரிய பகவானும் பனிமூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பார். இருந்தாலும் லயத்து வாசலில் பானை பொங்கத்தான் செய்யும். வெளியூர்க்காரர் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். யாருடைய வயலிலோ விளைந்த அரிசியை, யாரோ வெட்டி அனுப்பிய கரும்பை வைத்து, முகமே காட்டாத சூரியனுக்கு நன்றி சொல்வதென்றால் சாதாரணமா?

இந்த இடத்தில் நம் சொந்தக்காரர்களையும் எட்டிப் பார்த்துவிடுவோம். மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்றேனே, அந்த இலங்கை மலையகத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்டார். அங்கே உழைத்த தமிழர்கள் ஊர்ச் சாமிகளோடு நிற்காமல் தேயிலைக்கென்றே புதுச் சாமிகளை உண்டாக்கிக்கொண்டார்கள். கொழுந்து நன்றாக வரக் கொழுந்துச்சாமி, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரம் ஆளை இழுக்காமல் இருக்க ரோதைமுனி. இயந்திரத்துக்கு ஒரு முனியா என்று சிரிக்கலாம். சக்கரத்தில் சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அங்கே மாசி மாதத்தில் காமன் கூத்தும் உண்டு. கம்பம் நட்டு, ரதி மன்மதன் வேடம் கட்டி இரவெல்லாம் ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். பிறகு அவன் உயிர்த்தெழுவான். வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடிக்கு நடுவே ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா!

இந்தத் திருவிழாக்களை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். போ தோட்டம் தொடங்கிய அதே 1929-இன் டிசம்பரில், தந்தை பெரியார் மலாயா வந்து, மலைக்குக் கீழே ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். காவடியும் தீமிதியும் தமிழனைத் தாழ்த்துகின்றன, அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்றது சீர்திருத்தக் கட்சி. 1952-இல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள், சாதி சமயம் பாராமல் எல்லாரும் கூடும் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். பேச்சுப் போட்டி, பாட்டு, நாடகம் என்று அது மலாயாவின் தோட்டப்புறங்களிலும் பரவியது. என்னைக் கேட்டால், சீர்திருத்தக்காரர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. திருவிழாக் கடனை அடுத்த திருவிழா வரை அடைத்த குடும்பங்கள் இல்லாமலா இருந்தன? ஆனால் தீக்குழி முன்னால் நிற்கிறவள் யார் என்பதையும் அவர்கள் கொஞ்சம் பார்த்திருக்கலாம். ஆண்டு முழுதும் எடைத் தராசு முன்னால் தலைகுனிந்து நின்றவள், அன்றைக்கு ஒரு நாள், உறுமி முழங்க ஊரே வழிவிட, தலைநிமிர்ந்து நடந்தாள்.

இன்னொரு வேடிக்கை. நம் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் பேராக் மாநிலத்துத் தாப்பா வழியாகத்தான் ஏற முடியும். தைப்பூசத்துக்குப் பேராக்கில் பொது விடுமுறை, பகாங்கின் விடுமுறைப் பட்டியலிலோ அது நெடுங்காலம் இடம்பெறவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் முருகனுக்கு லீவு, இந்தப் பக்கம் வேலை! ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்க வேண்டுமானால் சம்பளத்தைத் துறந்துதான் மலையிறங்க வேண்டும். "ஒரு நாள் பேர் போனாப் போகுது" என்று இறங்கியவர்களின் பக்தியை எந்தத் தராசில் நிறுப்பது?

இப்போது மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், தோட்டம் போனதால் மக்கள் போனார்கள். நம் மலைக்கதை நேர்மாறானது. தோட்டம் பசேலென்று அப்படியே நிற்கிறது, மக்கள்தாம் இறங்கிப்போனார்கள். பிள்ளைகள் படித்தார்கள், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். அதற்காகத்தானே பெற்றவர்கள் பனியில் நனைந்தார்கள்! அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. இன்று சரிவுகளில் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டுப் பிள்ளைகள் கத்தரியும் இயந்திரமும் கொண்டு இலை வெட்டுகிறார்கள். கையால் கிள்ளிப் பறிப்பது இயந்திரம் ஏற முடியாத சரிவுகளுக்கு என்றாகிவிட்டது. நம் தாத்தாமாரைப் போலவே அவர்களும் கடன் வாங்கிக் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு திருவிழா இருக்கும், இங்கே அதற்கு ஒரு நாள் இருக்காது.

அதனால் இப்போது பல தோட்டக் கோயில்களில் நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு பள்ளி விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அம்மன் சனி ஞாயிறுக்கு இறங்கி வந்துவிட்டாள் என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். வெள்ளி இரவே ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. காலியாகக் கிடந்த லயத்து வீட்டில் அடுப்புப் புகைகிறது. கொழுந்துக் கூடையைத் தொட்டே பார்க்காத பேரப்பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு பால்குடம் எடுக்கிறார்கள். "ஏன் பாட்டி, இந்த ஊர்ல வேப்பமரமே இல்லியா?" என்று கேட்கிறார்கள். வேப்பிலை இன்றைக்கும் கீழேயிருந்துதான் வருகிறது. முன்பு சாமான் லாரியில் வந்தது, இப்போது அந்தப் பேரப்பிள்ளைகளின் கார் பின்பெட்டியில் வருகிறது.