சாற்றின் தகுதி: ஊட்டமா, சுவையா?

இறைச்சியையும் எலும்பையும் காய்கறியையும் நீரிலிட்டுச் சூடாக்கி, சக்கையை நீக்கி எடுக்கும் சாறு ஏறத்தாழ எல்லாச் சமையல் மரபுகளிலும் உண்டு. அதன் மதிப்பு எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு, ஐரோப்பிய வேதியியல் நெடுங்காலம் ‘ஊட்டம்’ என்றே விடை சொல்லிவந்தது. அந்த அளவுகோல் சாற்றுக்குப் பொருந்தாது என்பதும், பிற உணவை விரும்பி உண்ணவைப்பதே சாற்றின் முதன்மைப் பணி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டெனி பாப்பின் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய அழுத்தக் கலன் எலும்பையே மென்மையாக்கியது. எறியும் எலும்பிலிருந்து ஏழைகளுக்கு உணவு என்ற கனவு அதோடு வலுப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் வேதியியலாளர் தார்சே, எலும்பிலிருந்து பிரித்த ஜெலட்டினை மருத்துவமனை உணவாகப் பரிந்துரைத்தார். இதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியல் கழகக் குழு, உடலியலாளர் மாஜாந்தி தலைமையில் 1841இல் அறிக்கை தந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை என்பதை இன்று அறிவோம்.

இருந்தும் நம்பிக்கை தளரவில்லை. தோலுக்காகவே மாடுகள் பெருமளவில் அறுக்கப்பட்ட உருகுவேயின் ஃப்ரே பென்டோசில், ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் பெயர் தாங்கிய நிறுவனம் 1860களில் இறைச்சிச் சாற்றை இறுக்கி விற்கத் தொடங்கியது. ஒரு கிலோ சாற்றுக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. ஆனால் இறைச்சியின் புரதத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. ஊட்ட உணவு என்ற பெயர் மங்க, சமையல் துணைப்பொருள் என்ற பெயரே நிலைத்தது.

அப்படியானால் சாறு வெறும் நீர்தானா? இல்லை என்பதற்கு ஜப்பானின் தாஷியே சான்று. கோம்பு என்னும் கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதிக்குமுன் எடுத்துவிடுவார்கள். பிறகு நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான கட்சுவோபுஷியின் சீவலைப் போட்டு, சிறிது நேரத்தில் வடிகட்டுவார்கள். இதில் ஊட்டம் மிகச் சொற்பம். ஆயினும் ஜப்பானியச் சமையலே இதன்மேல் நிற்கிறது. தாஷியின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் கண்ட கிகுனே இகேதா, அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். 1913இல் கொதாமா, கட்சுவோபுஷியில் அதே சுவை தரும் இனோசினேட்டைக் கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகிறது என்பதைக் குனினாகா பின்னர் நிறுவினார். ஐரோப்பியர் இறைச்சியோடு வெங்காயத்தையும் கேரட்டையும் சேர்த்துக் கொதிக்கவைப்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

சுவை உடலுக்குப் பயன்படாத ஆடம்பரம் என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கு 1897இல் வெளியான ரஷ்ய உடலியலாளர் பாவ்லவின் செரிமான ஆய்வுகளில் பதில் உண்டு. இறைச்சிச் சாறு இரைப்பைச் சுரப்பை வலுவாகத் தூண்டுவதை அவர் நாய்களிடம் காட்டினார். விருந்தைச் சூப்பில் தொடங்கும் வழக்கத்துக்கு உடலியல் அடிப்படை இருக்கிறது.

எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுக்கும் நம் வழக்கத்தையும் இந்த வெளிச்சத்திலேயே மதிப்பிட வேண்டும். சூப்பை மட்டும் கொடுத்துவிட்டு நோயாளிக்கு உணவு கொடுத்ததாகக் கணக்கெழுதுவது பிழை. சூப்பைக் குடித்தவர் அடுத்துச் சோறு கேட்டால், சூப் தன் கடமையைச் செய்துவிட்டது.