தலைக்குள்ள இருக்கிறது பேயா, புழுவா? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும் மூளைக் கதைகள்

பொம்மிடியில் ஒருவருக்கு "மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டில் அடுத்த பேச்சு ரயிலைப் பற்றித்தான் இருக்கும். சேலம் பக்கம் போகிற வண்டி என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி. எதிர்ப்பக்கம் ஏறி காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி. நடுவில் ஜோலார்பேட்டையில் வண்டி மாறினால் பெங்களூரு நிம்ஹான்ஸ். இதில் வேலூரும் பெங்களூரும் சிகிச்சைக்கு மட்டும் பேர் போன ஊர்கள் இல்லை. மூளை நோய்களைப் பற்றி நமக்கு இன்றைக்குத் தெரிந்த சில முக்கியமான விஷயங்கள் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டன. அதுவும் நம்ம ஊர் மாதிரி கிராமத்து மக்களைப் பரிசோதித்து!

முதலில் மெஷின். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இருப்பது காந்தம். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் 1.5 அல்லது 3 டெஸ்லா சக்தியில் இருக்கும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைவிட சுமார் 30,000 மடங்கு அதிகம். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை இந்தக் காந்தம் ஒரே திசையில் வரிசைப்படுத்துகிறது. பிறகு ரேடியோ அலையால் அவற்றை லேசாகத் தட்டிவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு சிக்னலைக் கொடுக்கும். அதிலிருந்துதான் படம் உருவாகிறது. மூளையின் சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி, வீக்கம், கட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால், படத்தில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். இதைக் கண்டுபிடித்ததற்காக பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கவாதத்தில் இதன் பலன் பெரிது. ரத்த ஓட்டம் நின்ற இடம், முதல் சில மணி நேரங்களில் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். எம்.ஆர்.ஐ.யின் 'டிஃப்யூஷன்' படத்திலோ பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஆனால் வாய் கோணி, கை விழுந்தால், எம்.ஆர்.ஐ. இருக்கிற ஊர் எது என்று தேடிக்கொண்டிருக்காமல் 108-க்கு போன் பண்ணுங்க. ரத்தக் கசிவா இல்லையா என்று பார்த்து சிகிச்சையைத் தொடங்க சி.டி.யே போதும்.

வேலூர் டாக்டர்கள் கண்டுபிடித்த புழு

நம்ம பக்கம் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் கையில் சாவியைத் திணிப்பார்கள். அடுத்து மந்திரிப்பு, தாயத்து. ஸ்கேன் வருவதற்குள் சில குடும்பங்களில் வருடமே ஓடிவிடுகிறது.

1980-களில் சி.டி. ஸ்கேன் பரவலானபோது, வலிப்பு வந்த இந்தியர்கள் பலரின் மூளையில் சின்னதாக ஒற்றைப் புள்ளி தெரிந்தது. இந்தியாவில் காசநோய் அதிகம் என்பதால், அதை காசநோய்க் கட்டி என்றே நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் போன்ற நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் அந்தப் புள்ளிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் குட்டிப் பருவம்! தேவையே இல்லாமல் எத்தனை பேர் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கோபமே வருகிறது.

இதே குழு வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து, 2006-ல் ஆய்வு முடிவை வெளியிட்டது. ஆயிரத்துக்கு கிட்டத்தட்ட 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்ததில், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தப் புழுதான் காரணம்.

"நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?" என்ற கேள்வி வரும். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். அப்படிப் புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டைகள் கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக யார் வயிற்றுக்குள் போனாலும் மூளை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு சைவம், அசைவம் தெரியாது.

உயிரோடு இருக்கும் புழுவை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். நீர்ப்பையும், அதற்குள் புள்ளி போல புழுவின் தலையும் தெரியும். புழு செத்து சுண்ணாம்பாக இறுகிவிட்டால் சி.டி.யில்தான் நன்றாகத் தெரியும். அதனால் டாக்டர் இரண்டையும் எழுதிக் கொடுத்தால் உடனே "காசு பிடுங்குறாங்க" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நம்ம மூளைக்கு ஒரு அளவுகோல்

ஒரு மூளை சுருங்கியிருக்கிறதா என்று சொல்ல, 'சாதாரண மூளை' எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தியது கனடாவின் மான்ட்ரியலில் தயாரான மாதிரிப் படம். இந்தியர்களின் மூளை சராசரியில் அதைவிட அளவில் சிறியது. (அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, மீம் போட வேண்டாம்.) 2019-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 100 பேரின் எம்.ஆர்.ஐ.யை வைத்து இந்திய மூளை வரைபடத்தை உருவாக்கியது. 2020-ல் நிம்ஹான்ஸ் குழு, 6 முதல் 60 வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகளுக்குத் தனித்தனி மாதிரிகளை வெளியிட்டது.

இன்னொரு ஆய்வு நம்ம கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்தில் நடக்கிறது. மாம்பழத்துக்குப் பேர் போன சீனிவாசபுரா கிராமங்களில், 45 வயதைத் தாண்டிய 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதுதான் இலக்கு. நடத்துவது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம். மறதிநோய் வருவதற்கு முன்பே மூளையில் என்ன மாறுகிறது என்று ரத்தம், ஞாபகப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் எழுத்துப் பரீட்சை வைத்து ஞாபகத்தை அளக்க முடியாது. மூளையில் ஞாபகத்துக்கான 'ஹிப்போகேம்பஸ்' பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் அளக்கலாம்.

மனச்சோர்வு, பதற்றம் இதையெல்லாம் ஸ்கேன் எடுத்து "உனக்கு இருக்கு" என்று சொல்ல இன்றுவரை முடியாது. அங்கே டாக்டர் எம்.ஆர்.ஐ. கேட்டால், வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யத்தான். மைக்ரேனிலும் பெரும்பாலும் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். வலி பொய் என்று அர்த்தமில்லை.

உள்ளே போகும் முன்

காந்தம் எப்போதும் ஆன்-லயே இருக்கும், ஆள் இல்லாத நேரத்திலும். 2018 ஜனவரியில் மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டருடன் அறைக்குள் போய், காந்தம் இழுத்து உயிரிழந்தார். ஊக்கு, ஹேர்பின், மெட்டி, அரைஞாண் கயிற்றுத் தாயத்து என எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலிச் செயினைக் கழற்ற அம்மாக்கள் தயங்கினால், வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டி அழைத்துப் போங்க. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் காக்ளியர் கருவி, வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள், கர்ப்பம், கிட்னி பிரச்னை எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

சுமார் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். 'டடடட' என்று சத்தம் காதைப் பிளக்கும். காதில் வைக்க பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். கையில் ஒரு பஸ்ஸர் இருக்கும், பயமாக இருந்தால் அழுத்தலாம்.

ரிப்போர்ட் வந்ததும் ஒவ்வொரு வார்த்தையாக கூகுள் பண்ணாதீங்க. வயதானவர்களின் ஸ்கேனில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் சகஜம். ஃபிலிமையும் சி.டி.யையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது, அந்தப் புழு கரைந்துவிட்டதா, வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க, சேலமோ வேலூரோ, டாக்டர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.