மரத்தில் வளரும் 'முண்டு'க்கு இவ்வளவு மவுசா? பர்ல் மரத்தை பக்குவப்படுத்துவது எப்படி?

சொகுசு கார்களின் டேஷ்போர்டில் சுழல் சுழலாக ஒரு மர டிசைன் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது வால்நட் மரத்தின் 'பர்ல்'. கத்தி கைப்பிடி, பேனா, கிண்ணம் என கைவினைப் பொருட்கள் செய்பவர்களும் தேடித்தேடி வாங்குவது இதைத்தான்.

பர்ல் என்றால் என்ன?

மரத்தின் தண்டிலோ வேர்ப்பகுதியிலோ கட்டி போல புடைத்து நிற்கும் முண்டுதான் பர்ல். காயம், கிருமித் தொற்று போன்ற பாதிப்புகளால் வளர்ச்சி தாறுமாறாகும்போது இது உருவாகலாம். சில மரங்களில் இயல்பாகவே வரும். உள்ளே முளைக்காத மொட்டுகள் ஏராளமாக இருப்பதால், அறுத்துப் பார்த்தால் கண் கண்ணாக புள்ளிகள் தெரியும்.

அழகுதான், ஆனா பிரச்சனையும் அதுலதான்!

சாதாரண மரத்தில் ரேகை ஒரே திசையில் ஓடும். பர்லில் நாலா பக்கமும் சுழலும். அதனால் காயும்போது ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி சுருங்கி, விரிசல் விடும். மெத்தென்ற பகுதிகள், ஓட்டைகளும் இருக்கும். இதைச் சரிசெய்யத்தான் மரத்துக்குள் ரெசின் ஏற்றி இறுக வைக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

1. முதலில் ஈரம் போக வேண்டும். தேவையான அளவில் வெட்டிய துண்டுகளை சுமார் 105 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காய வைப்பார்கள். துளி ஈரம் இருந்தாலும் ரெசின் சரியாக இறுகாது.

2. காற்றிலுள்ள ஈரம் திரும்ப ஏறாமல் இருக்க, மூடிய பையில் வைத்து ஆற வைப்பார்கள். சூடாகவே போட்டால் ரெசின் முன்கூட்டியே இறுக ஆரம்பித்துவிடும்.

3. வேக்குவம் சேம்பரில் ரெசினுக்குள் மரத்தை முழுசா மூழ்கடித்து, பம்ப் மூலம் காற்றை இழுப்பார்கள். மரத்திலிருந்து குமிழிகள் வருவது நின்றதும் வேக்குவத்தை விடுவிப்பார்கள். அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினை மரத்தின் நுண்துளைகளுக்குள் தள்ளும். அப்படியே பல மணி நேரம் ஊற வேண்டும்.

4. பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, சுமார் 90 முதல் 100 டிகிரி சூட்டில் வைத்தால் ரெசின் கெட்டியாகிவிடும்.

எண்ணெய்ப்பசையும் அடர்த்தியும் மிகுந்த ரோஸ்வுட் போன்ற மரங்களில் ரெசின் அவ்வளவாக ஏறாது.

பளபளப்பு வருவது எப்படி?

பெரிய ஓட்டைகளை எபாக்ஸி கொண்டு அடைப்பார்கள். 120-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220, 400, 600 என படிப்படியாகத் தேய்ப்பார்கள். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் தங்கிவிடும். ரெசின் ஏற்றிய மரம் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. பாலிஷ் சக்கரமும் கொஞ்சம் மெழுகுமே போதும். ரெசின் ஏற்றாத பர்லுக்கு ஆளி விதை எண்ணெய் பூசலாம்.

இதில் கவனம் தேவை!

* மரத்தூள், ரெசின் தூள் இரண்டுமே நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க், கையுறை, காற்றோட்டம் அவசியம்.
* சமையல் ஓவனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.
* ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காய வையுங்கள்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

இந்த மவுசு திருட்டுக்கும் வழிவிட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழமையான ரெட்வுட் மரங்களின் பர்ல்களை இரவில் ரம்பத்தால் அறுத்துக் கடத்தினார்கள். இதனால் 2014-ல் ரெட்வுட் தேசியப் பூங்கா பகுதியில் உள்ள நியூட்டன் பி. ட்ரூரி சாலையை இரவு நேரத்தில் மூட வேண்டிய நிலை வந்தது. ரெட்வுட் மரம் சாய்ந்தாலும் புதுக் கன்று முளைப்பது இந்த பர்லிலிருந்துதான். அதை அறுத்தால் மரத்துக்குக் காயம் மட்டுமல்ல, அடுத்த தலைமுறைக்கான வாய்ப்பும் போய்விடும்.

அதனால் பர்ல் வாங்குபவர்கள் விலையைக் கேட்கும் முன், 'இது எந்த மரத்திலிருந்து, எப்படி வந்தது?' என்று கேட்பது நல்லது.