கல்யாணத்தின் முதல் நோக்கம் என்ன?

"எதற்காகக் கல்யாணம் செய்துகொண்டாய்?" என்று நம் ஊரில் யாராவது கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். 1980 முதல் 1997 வரை பதினேழு வருஷம் பிரிட்டிஷ் விசா அதிகாரிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் மாப்பிள்ளைகளை உட்காரவைத்து இதைத்தான் கேட்டார்கள். கல்யாணத்தின் முதல் நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று மாப்பிள்ளை நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அது அவர் பாடு.

நான் வேலை பார்க்கும் ஜலந்தர் பக்கம் இந்தச் சட்டத்தை 'பிரைமரி பர்ப்பஸ்' என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். கொஞ்சம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், கதை கதையாக வரும். அந்தக் கதைகளுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடிப் படித்தபோது தெரிந்தவை கீழே. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் பிரிட்டனுக்குத் தடையில்லாமல் போய்வந்த காலம் 1962 சட்டத்தோடு முடிந்தது. அந்தச் சட்டத்திலும், ஏற்கனவே அங்கே குடியேறிய ஆண் தன் மனைவியையும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள உரிமை இருந்தது. பெண்ணுக்கோ 1969ல் கதவு சாத்தப்பட்டது. அங்கே இருக்கும் பெண் வெளிநாட்டுக் கணவனைக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. காரணம் எளிது. கணவன் வந்தால் வேலை தேடுவான், மனைவி வந்தால் சமைப்பாள்! (அரசாங்கம் இதை இப்படிச் சொல்லவில்லை. 'உள்நாட்டு வேலைவாய்ப்பைப் பாதுகாக்க' என்றது.) 1974ல் தடையை எடுத்தார்கள், 1977ல் போலிக் கல்யாணம் என்று சொல்லி இறுக்கினார்கள், 1980ல் அநேகமாக மூடியே விட்டார்கள்.

மனைவிகளுக்கு எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 1969லிருந்து ஊரிலேயே அனுமதிச் சான்று வாங்கித்தான் கிளம்ப வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் வரிசை. புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பதில்கள் பொருந்தாவிட்டால் 'நீங்கள் தம்பதியே இல்லை' என்று முடித்துவிடுவார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. கைரேகை முதன்முதலில் பயன்பட்டது கொலை வழக்கில் அல்ல, 1985ல் ஒரு குடியேற்ற வழக்கில். கானாவைச் சேர்ந்த ஒரு பையன் அவன் அம்மாவின் பிள்ளைதான் என்று அது காட்டியது. அதன்பிறகு சோதித்துப் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலோர் சொன்னது உண்மை என்றே தெரியவந்தது. அத்தனை வருஷம் பொய்யர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்!

எழுதவே கை கூசும் ஒரு விஷயமும் உண்டு. 1979 ஜனவரி 24. ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இறங்குகிறார். அங்கே இருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்திருக்கிறார். அன்றைய விதிப்படி வருங்கால மனைவிக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை, மனைவிக்குத்தான் தேவை. அதனால் அதிகாரிகளுக்குச் சந்தேகம். இவர் ஏற்கனவே கல்யாணமானவரோ? தீர்த்துக்கொள்ள ஓர் ஆண் மருத்துவரை விட்டு அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தினார்கள். பிப்ரவரி 1ந்தேதி கார்டியன் பத்திரிகையில் செய்தி வந்ததும் பெரிய கொந்தளிப்பு. உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் உடனே அந்தப் பழக்கத்தை நிறுத்தினார். ஏதோ தனிச் சம்பவம் என்ற தோற்றம் ரொம்ப நாள் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவணக்காப்பகத்தில் தோண்டி, 1976க்கும் 1979க்கும் இடையில் குறைந்தது 80 பெண்களுக்கு இப்படி நடந்தது என்று 2011ல் வெளியிட்டார்கள். அதில் பெரும்பகுதி விமான நிலையத்தில் அல்ல, இங்கே இந்தியாவிலேயே.

கணவன்மார் கதைக்கு வருவோம். மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் பெயர் அப்துல்அஸீஸ், கபாலெஸ், பால்கந்தலி. அப்துல்அஸீஸின் கணவர் போர்ச்சுகல் குடிமகன், பிறந்தது நம் டாமனில். 1985 மே 28 தீர்ப்பில் நீதிமன்றம், ஆண் மனைவியை அழைக்கலாம், பெண் கணவனை அழைக்க முடியாது என்பது பால் அடிப்படையிலான பாகுபாடு என்றது. ஜெயித்தாயிற்று!

அப்புறம் லண்டன் செய்ததுதான் வேடிக்கை. சமத்துவம்தானே வேண்டும், இந்தா என்று, கணவர்களுக்கு இருந்த 'முதல் நோக்கம்' விதியை அதே 1985ல் மனைவிகளுக்கும் நீட்டிவிட்டது. பெண்களுக்கு இல்லாததைக் கொடுக்காமல் ஆண்களிடம் இருந்ததைப் பிடுங்கிச் சமமாக்கினார்கள். எங்கள் தொழிலில் இதைக் கணக்கு நேர் செய்வது என்போம் :-)

நேர்காணலில் மாப்பிள்ளைக்கு வைத்த பொறி இன்னும் அழகு. 'உங்கள் வழக்கப்படி பெண்தானே புகுந்த வீட்டுக்கு வருவாள், நீ ஏன் பெண் இருக்கும் ஊருக்குப் போகிறாய்?' என்பார்கள். சம்பளம் நன்றாக இருக்கும் என்று சொன்னால் தீர்ந்தது. அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள், இங்கே இருக்க முடியாது என்றாலும் ஆபத்து, அப்படியானால் அங்கே போகத்தான் கல்யாணம் என்று எழுதிக்கொள்வார்கள். பெற்றோர் பார்த்து முடிக்கும் கல்யாணம் பெரும்பாலான அதிகாரிகளுக்குப் பிடிபடவே இல்லை என்பது என் அபிப்பிராயம். 1988ல் அப்பீல் கோர்ட் கொஞ்சம் இரங்கியது. கல்யாணத்துக்குப் பின் தம்பதிக்குள் வளர்ந்த அன்பையும் சாட்சியாகப் பார்க்கலாம் என்றது. அன்பை எப்படிக் காட்டுவது? கடிதங்கள், ஃபோன் பில்கள், வந்துபோன டிக்கெட்டுகள்.

எங்கள் கிளையில் லாக்கர் வைத்திருக்கும் ஒருவர் குளிர்காலம்தோறும் பர்மிங்ஹாமிலிருந்து வருவார். நகைப் பெட்டிக்கு அடியில் ஒரு கட்டு நீல ஏரோகிராம். 'மேனேஜர் சாப், இது கோர்ட்டுக்காக எழுதினது' என்றார் ஒருமுறை. வக்கீல் வாரம் ஒன்று எழுதச் சொன்னாராம். முதல் பத்துக் கடிதம் பயந்து பயந்து எழுதியதாகவும், பிறகு வக்கீலை மறந்துவிட்டதாகவும் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி, 'எனக்கு எது முதல் பத்து என்று தெரியும்' என்றார்.

நீதிமன்றம் திறந்த இன்னொரு சந்து உண்டு. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் 1982ல் பிராட்ஃபோர்டில் பிரிட்டிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஐரோப்பிய நாடொன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பிரிட்டிஷ்காரர், ஐரோப்பியச் சட்டப்படியே துணையைக் கூட்டிவரலாம் என்று 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் அவர் கல்யாணம் முறிந்துவிட்டது. ஆனால் 'சுரிந்தர் சிங் வழி' என்ற பெயரில் எத்தனையோ தம்பதிகள் அதில் போனார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2020 டிசம்பரோடு புதியவர்களுக்கு அந்தச் சந்தும் அடைபட்டது.

'முதல் நோக்கம்' விதியை 1997 ஜூனில் லேபர் அரசு ரத்து செய்தது. நோக்கம் போனது, 2012 ஜூலையில் பணம் வந்தது. அழைப்பவருக்கு வருஷம் 18,600 பவுண்ட் வருமானம் வேண்டும் என்றார்கள். 2017ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் விஷயத்தில் விதிகளைக் குறை சொன்னாலும், வருமான வரம்பு செல்லும் என்றது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். அதை 38,700 வரை ஏற்றும் திட்டத்தை அந்த வருஷம் வந்த புதிய அரசு நிறுத்தி வைத்தது. சம்பளம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். கணக்கு இதுதான்: வரம்பை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்ட வேண்டும். 18,600க்கு 62,500 பவுண்ட், 29,000க்கு 88,500 பவுண்ட். அதுவும் ஆறு மாதம் அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் நான் கொடுக்கும் ஸ்டேட்மெண்ட்டில் தெரிந்துவிடும்.