வலி காட்டும் பல்லும் நோயுற்ற பல்லும்: குர்துபா மருத்துவர் ஸஹ்ராவீ (ரஹ்) தரும் படிப்பினை



ஒரு பல்லின் மதிப்பு என்ன என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? ஒருவர் பிறருடைய பல்லைத் தவறுதலாக உடைத்துவிட்டால் ஐந்து ஒட்டகங்களை ஈடாக வழங்க வேண்டும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விதித்தார்கள். ஓர் உயிருக்கு உரிய முழு ஈடு நூறு ஒட்டகங்கள். அதில் இருபதில் ஒரு பங்கு ஒற்றைப் பல்லுக்கு! அதுவும் முன்பல், கடைவாய்ப்பல் என்ற பாகுபாடு இன்றி எல்லாப் பற்களும் சமம் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு.

ஆனால் நாமோ சற்று வலித்தாலும், "பிடுங்கி எறிந்தால் தீர்ந்தது" என்கிறோம். இந்த அவசரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்த ஒரு முஸ்லிம் மருத்துவரின் வரலாற்றைக் காண்போம்.

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகருக்கு அருகில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அவர்கள் கி.பி. 936ஆம் ஆண்டில் 'மதீனத்துஸ் ஸஹ்ரா' என்னும் நகரை எழுப்பத் தொடங்கினார்கள். அந்நகரின் பெயரைத் தம் பெயரில் தாங்கியவரே அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள். மதீனத்து அன்சாரிகளின் வழித்தோன்றல் என்பதால் 'அல் அன்சாரீ' என்றும் அழைக்கப்பட்டார்கள். கி.பி. 1000 வாக்கில் அவர்கள் நிறைவு செய்த 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி அறுவை சிகிச்சைக்கு உரியது. சுமார் இருநூறு கருவிகளின் படங்கள் அதில் வரையப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றார்கள்.

தம் மாணவர்களைப் பிள்ளைகளாகக் கருதி அவர்கள் எழுதிய அந்நூலில் பற்களுக்கெனத் தனி அத்தியாயங்கள் உள்ளன. வலிக்கும் பல்லை முதலில் எல்லா வழிகளிலும் குணப்படுத்த முயல வேண்டும். பிடுங்குவது கடைசி வழி என்கிறார்கள். அடுத்து ஒரு முக்கிய எச்சரிக்கை. வலி நோயாளியை ஏமாற்றிவிடும். நல்ல பல்லைக் காட்டி அதுவே வலிக்கிறது என்பார். அதைப் பிடுங்கிய பின்பும் வலி நீங்காது. நோயுற்ற பல்லைப் பிடுங்கிய பிறகே நீங்கும். நாவிதர்களிடம் இத்தவற்றைப் பலமுறை கண்டதாக அவர்கள் பதிவு செய்கிறார்கள். அறியாதவர்கள் வேரை உள்ளே விட்டுப் பல்லை உடைப்பதையும், தாடை எலும்பையே பெயர்த்துவிடுவதையும் வருந்திக் கூறுகிறார்கள்.

இந்த எச்சரிக்கையின் உண்மையை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டின் உணர்வையும் ஒரே பெருநரம்பின் கிளைகளே மூளைக்குக் கொண்டு செல்கின்றன. ஆகவே கீழ்ப்பல்லின் நோய் மேல்பல்லில் வலிப்பதாகத் தோன்றலாம். இதயநோயின் வலியும் கூட சிலருக்குக் கீழ்த்தாடையில் தெரிவதுண்டு. அதனால்தான் மருத்துவர்கள் தட்டிப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்தும் உறுதி செய்கிறார்கள். முன்பு பிடுங்க வேண்டியிருந்த பல பற்களை இன்று வேர்ச் சிகிச்சையால் காப்பாற்ற முடிகிறது.

பற்களில் படியும் கறுப்பு, மஞ்சள், பச்சை நிறக் காரைகள் ஈறுகளைக் கெடுக்கும் என்றும் ஸஹ்ராவீ (ரஹ்) எழுதினார்கள். அவற்றைச் சுரண்டி எடுக்கப் பல வடிவக் கருவிகளை வரைந்து காட்டினார்கள். ஒரே அமர்வில் நீங்காவிட்டால் மறுநாளும் தொடரச் சொன்னார்கள். இன்று பல் மருத்துவமனைகளில் நடைபெறும் காரை நீக்கமும் இதே பணிதான். பல் தேய்ந்துவிடும் என்று அஞ்சி அதைத் தவிர்ப்போர், ஈறு அழிந்து நல்ல பற்களே ஆடி விழுவதைக் காண நேரிடும்.

ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் அருகிலுள்ள உறுதியான பற்களோடு பிணைக்கவும் அவர்கள் கற்பித்தார்கள். வெள்ளி சில நாட்களில் நிறம் மாறிக் கெடும். தங்கம் கெடாது என்பதே காரணம். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியால் மூக்குச் செய்துகொண்டார்கள். அது நாற்றமெடுக்கவே, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு அறிஞர்கள் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொண்டதாக இமாம் திர்மிதீ (ரஹ்) பதிவு செய்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெள்ளியே போதுமென்றார்கள். அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள். இது அலங்காரத்துக்கான அனுமதி அன்று, தேவைக்கான சலுகை.

பெருமக்களே! மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பொறுப்பு அவரோடு முடிந்துவிடுமா? கற்றவர் இருக்கக் கல்லாதவரிடம் தம் உடலை ஒப்படைப்பவரும் அமானத்தைப் பேணத் தவறியவரே.

ஆகவே, உறங்குமுன்பும் காலையிலும் ஃபுளூரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குங்கள். ஒளூவின்போது மிஸ்வாக்கை விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு அடிக்கடி இனிப்புத் தருவதைக் குறையுங்கள். புகையிலையை வாயில் அடக்குவதைக் கைவிடுங்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ஈறுகளில் கூடுதல் கவனம் செலுத்துங்கள். ஈறில் இரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் நுழைந்ததும் முதலில் மிஸ்வாக் செய்வார்கள். இறுதி நோயிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கித் தந்த குச்சியால் பல் துலக்கிய பிறகே இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்கள். அந்த ஸுன்னத்தை நம் வீடுகளில் உயிர்ப்பிப்போம்.

அல்லாஹ் தந்த அருட்கொடைகளை அவன் விரும்பும் வண்ணம் பேணிக்காக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.